ரேஷன் கார்டிலிருந்து காப்பீட்டு அட்டை வரை: திருப்பூருக்குக் குடிவந்தவர்களுக்கு

என் மாமனாருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்று எங்கள் கையில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தது. தாராபுரம் பக்கம் குடியிருந்தபோது எடுத்தது. பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தோம். மருத்துவமனையில் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். "ஏனுங்க, உங்க ரேஷன் கார்டுல அவரு பேரே இல்லீங்களே" என்றார்.

நடந்தது இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி, தனிக் கார்டு எழுதப் போனார். அதற்காக எங்கள் கார்டிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டியிருந்தது. நீக்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் மாமனார் பெயரும் சேர்ந்து போய்விட்டது. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்களுடையது முன்னுரிமை இல்லாத வகைக் கார்டு. மூன்று பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் மாதம் 20 கிலோ அரிசிதான். அரிசி ஒரு கிலோ குறைந்திருந்தால்கூட மாமியார் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்.

பெயரைத் திரும்பச் சேர்த்து, வருமானச் சான்று வாங்கி, காப்பீட்டைப் புதுப்பிக்க 23 நாள் ஆயிற்று. அதற்குள் பரிசோதனை, ஐசியூ என்று 31,000 ரூபாய் கைக்காசு போய்விட்டது. பிறகு ஸ்டென்ட் வைத்தது மட்டும் திட்டத்தில் வந்தது. அந்த 23 நாளில் நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம். முதலில் ஆதார், அப்புறம் குடும்ப அட்டை, அப்புறம் வருமானச் சான்று, கடைசியில் காப்பீடு. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டீக்கடையிலும் கம்பெனியிலும் ஆளாளுக்கு ஒரு விதி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் கார்டு எடுத்த வருஷத்து விதியைச் சொல்கிறார்கள். காப்பீட்டுக்கு வருமான வரம்பு 72,000 என்று இன்றைக்கும் என்னிடம் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய வரம்பு. 2022-ல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது 1,20,000 ஆகிவிட்டது. நீங்கள் போகும்போது அதுவும் மாறியிருக்கலாம். ஆகவே விதியை மட்டும் கவுன்டரில் இருப்பவரிடமோ உதவி எண்ணிலோ கேளுங்கள்.

1. கார்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்

கையில் இருக்கும் ஸ்மார்ட் கார்டைப் பார்த்தால் போதாது. அதில் அச்சாகியிருப்பது அச்சடித்த நாளின் நிலவரம். உணவுத் துறையின் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பயனாளர் நுழைவு என்று இருக்கும். பதிவு செய்த செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். உள்ளே போனால் உறுப்பினர் பட்டியல் தெரியும். ஐந்து நிமிட வேலை.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. பதிவு செய்த எண் பழைய எண்ணாக இருக்கும். எங்கள் கார்டில் இருந்தது மாமனார் ஆறு வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்த எண். ரீசார்ஜ் செய்யாமல் அது வேறு யாருக்கோ போய்விட்டது. எண்ணை மாற்ற, ஆதாரும் கார்டும் எடுத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள். சம்பளத்துக்குச் சம்பளம் சிம் மாற்றும் தம்பியின் எண் வேண்டாம்.

2. ஆதார்

கார்டுக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரில் உள்ளபடிதான் பெயர் போகும். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, பிறந்த தேதி முழுதாக இருக்கிறதா, வருஷம் மட்டும் இருக்கிறதா என்று வீட்டில் உள்ள எல்லா ஆதாரையும் ஒரே நாளில் மேசையில் பரப்பிப் பாருங்கள்.

தாராபுரம், காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரியும்வரை அவை ஈரோடு மாவட்டத்தில் இருந்தன. அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் கோவையில் இருந்தன. பழைய பள்ளிச் சான்று, சாதிச் சான்று, நிலப் பத்திரத்தில் எல்லாம் பழைய மாவட்டம்தான் இருக்கும். அது தப்பில்லை, திருத்த வேண்டியதும் இல்லை. ஆனால் முகவரிச் சான்றாக அவற்றைக் கொடுக்காதீர்கள். "இது ஈரோடுங்களே" என்ற ஒரு கேள்வியில் அரை நாள் போகும்.

திருத்தக் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து இப்படி: பெயர், முகவரி போன்ற விவரங்களுக்கு 75 ரூபாய், கைரேகை, கண் புதுப்பிக்க 125 ரூபாய். சாயப்பட்டறையிலும் பிளீச்சிங்கிலும் வேலை செய்கிறவர்கள் கைரேகையைக் கட்டாயம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். கெமிக்கலில் கை வைத்து வைத்து ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியில் விழாமல் நிற்பவர்களை எங்கள் கடையில் மாதாமாதம் பார்க்கிறேன்.

3. உங்களுக்கு வேண்டியது புதுக் கார்டா, முகவரி மாற்றமா?

குடும்பத்தோடு மொத்தமாக வந்துவிட்டீர்கள் என்றால் முகவரி மாற்றம் போதும். கார்டு எண் மாறாது; கடை மட்டும் இந்த ஊருக்கு வரும். கல்யாணமாகி அல்லது அண்ணன் தம்பி பிரிந்து தனியாக வந்திருந்தால் புதுக் கார்டு. அதற்கு அடிப்படை, தனி வீடும் தனிச் சமையலும். விசாரணைக்கு வருகிறவர் அடுப்பைப் பார்ப்பார். அதற்குக் கோபப்பட வேண்டியதில்லை.

ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்து வெளியூர்க் கடையிலும் பொருள் வாங்கலாம். நடைமுறையில் அரிசி கிடைத்துவிடுகிறது. பருப்பும் பாமாயிலும் அந்தக் கடைக் கார்டுக்காரர்களுக்குப் போக மிஞ்சினால்தான் என்பது என் அனுபவம். மாதக் கடைசிக்கு முன்னால் போய்விடுங்கள்.

4. புதுக் கார்டு என்றால் முதலில் பழைய கார்டிலிருந்து நீக்கம்

ஓர் ஆதார் எண் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். கணவர் அவருடைய அப்பா கார்டிலும் நீங்கள் உங்கள் அப்பா கார்டிலும் இருந்தால், இரண்டு இடத்திலும் நீக்கம் ஆன பிறகுதான் புது விண்ணப்பம் ஏறும். நீக்கமும் அதே இணையதளத்தில்தான். காரணம் கேட்கும், கல்யாணம் என்றால் திருமணச் சான்று அல்லது பத்திரிகையை ஏற்றலாம்.

எங்களைக் கவிழ்த்தது இந்தப் படி. சென்டரில் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் பெயருக்கு நேராக டிக் விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்புதல் வந்த பிறகு மறுபடி முதல் படிக்குப் போய், மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். மாமனார், மாமியார் போன்ற வயதானவர்கள் யார் கார்டில் இருக்கப்போகிறார்கள் என்பதை அண்ணன் தம்பிகள் முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. பேசாமல் விட்டால் நடுவில் தொங்குவது அவர்கள்தான்.

நீக்கிவிட்டு புதுக் கார்டுக்குத் தள்ளிப்போடவும் கூடாது. அந்த இடைவெளியில் உங்கள் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. எந்தத் திட்டத்திலும் இல்லை என்று அர்த்தம்.

5. விண்ணப்பம்

நீங்களே போனில் செய்தால் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் சேவைக் கட்டணம் உண்டு. பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தனியார் சென்டர்களில் என்னிடம் 300 கேட்டார்கள். கேட்டது பெரிதில்லை, விண்ணப்பத்தில் அவர்கள் தங்கள் போன் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாராக வைக்க வேண்டியவை: எல்லாருடைய ஆதார், குடும்பத் தலைவியின் புகைப்படம், முகவரிச் சான்று, கேஸ் இணைப்பு இருந்தால் அதன் விவரம். குழந்தைக்கு ஆதார் இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள். அதற்குப் பிறப்புச் சான்றும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் வேண்டும். கோப்பின் அளவுக்கு வரம்பு இருப்பதால் போனில் எடுத்த பெரிய படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுருக்கிவிட்டு ஏற்றுங்கள்.

குடும்பத் தலைவர் இடத்தில் பெண்ணைப் போடுங்கள். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயது நிறைந்த மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவி என்கிறது. மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்றாலும், "வீட்டுல ஆம்பளை இருக்கறப்ப எதுக்கு" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முகவரிச் சான்றுதான் திருப்பூரில் பெரிய தலைவலி. நாங்கள் இருப்பது லைன் வீடு. பத்து வீடு, ஒரு வளவு, எல்லா மீட்டரும் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் கேட்டால், "எழுதிக் குடுத்தா நாளைக்கு வீட்டை விட்டுப் போவீங்களா" என்பார். கேஸ் புத்தகம் இந்த முகவரியில் இருந்தால் அது நல்ல சான்று. கேஸ் ஏஜென்சியில் முகவரி மாற்றுவது எளிது என்பதால் நான் அதைத்தான் செய்தேன். வங்கிப் பாஸ் புத்தகத்திலும் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் வாடகை ஒப்பந்தத்தோடு அவருடைய மின் கட்டண ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பந்தம் மட்டும் கொடுத்த பக்கத்து வீட்டாருக்குத் திரும்பி வந்தது.

கார்டு வகை கேட்கும் இடத்தில் நிதானியுங்கள். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எந்தப் பொருளும் இல்லாத அட்டை என்று இருக்கும். "நமக்குக் கார்டு அடையாளத்துக்குத்தானே, ரேஷன் அரிசி யாரு திங்கறா" என்று பெருமைக்குப் பொருளில்லா அட்டை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். பொங்கல் பரிசு அறிவிக்கும்போது அரிசி அட்டை என்றுதான் அறிவிப்பு வரும். அப்போது மாற்றப் போய் அலைவார்கள். அரிசி வேண்டாம் என்றால் கோதுமை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அட்டை அரிசி அட்டையாகவே இருக்கட்டும்.

முன்னுரிமை வகை, முன்னுரிமை இல்லாத வகை என்பது வேறு. அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது வந்த பிரிவினை அது. மற்ற மாநிலங்களில் இரண்டாம் வகைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இங்கே இரண்டு வகைக்கும் அரிசி விலையில்லாமல்தான். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மட்டும் 35 கிலோ அரிசி, சர்க்கரை 13 ரூபாய் 50 காசு.

6. விசாரணையும் காத்திருப்பும்

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். அந்த எண்ணை வைத்து நிலவரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். கம்பெனிக்குப் போகும் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு "முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் நிராகரிப்பு. எதிர் வீட்டு அம்மாவிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, யாராவது வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் செக்கிங் டேபிளில் இருந்து ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தேன்.

எத்தனை நாள் ஆகும்? பெயர் சேர்ப்பு எங்களுக்கு 11 நாளில் ஆனது, அதுவும் மருத்துவமனைச் சீட்டைக் காட்டிக் கெஞ்சியதால். கொழுந்தனாரின் புதுக் கார்டு கைக்கு வர நான்கு மாதம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புதுக் கார்டு வேலை அப்படியே நின்றுவிடும், அந்த மாதங்களைக் கணக்கில் வைக்காதீர்கள்.

இழுத்தடித்தால் மூன்று வழி. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்ப்பு, நீக்கம், முகவரி, போன் எண் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். லீவு போட மனசு வராது. காலையில் முகாம், மத்தியானம் கம்பெனி என்று பேசி வைத்துக்கொண்டு போங்கள், முகாமில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டாவது வழி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். பல்லடம் ரோட்டில் இருக்கிறது. மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். என் விண்ணப்பம் எந்த நிலையில், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். கொழுந்தனாருக்குப் பதில் கடிதம் வருவதற்குள் கார்டே வந்துவிட்டது.

யாராவது "ஆயிரம் குடுத்தா நாளைக்கே வாங்கித் தர்றேன்" என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களுக்கும் நான்கு மாதம்தான் ஆயிற்று. உதவி எண் 1967, கட்டணமில்லா எண் 1800 425 5901.

7. கார்டு வந்தவுடன் கடையில் செய்வது

முதல் மாதமே ஏதாவது ஒரு பொருளாவது வாங்கி, கருவியில் கார்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். முன்னுரிமை, அந்தியோதயா அட்டை என்றால் ஒவ்வோர் உறுப்பினரும் கைரேகை வைத்து மின்னணுச் சரிபார்ப்பு முடிக்க வேண்டும்; குழந்தைகளை எப்போது கூட்டி வருவது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் ஆத்தாவோ அப்பாரோ அங்கேயே பக்கத்துக் கடையில் வைக்கலாம், இதற்காகப் பஸ் ஏறி வர வேண்டாம்.

ரேகை விழாத, நடக்க முடியாத பெரியவர்கள் மட்டும் உள்ள கார்டு என்றால், வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையிலேயே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதும் அதே கடைக்காரருக்குத் தெரியும்.

கடை திறந்திருக்கிறதா என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். பதிவு செய்த எண்ணிலிருந்து, ஆங்கில எழுத்தில் பிடிஎஸ் என்று தட்டி, ஓர் இடம் விட்டு 102 என்று போட்டு 97739 04050-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். 101 போட்டால் என்ன பொருள் இருப்பில் இருக்கிறது என்று சொல்லும். வாங்காத பொருளுக்கு வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்தால் 107.

8. வருமானச் சான்று

காப்பீட்டுக்கு இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். முதல் முறை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றை உருவாக்குவார்கள். ஆதார், குடும்ப அட்டை, போட்டோ வேண்டும். இங்கேயும் ஓடிபிதான், போனைக் கையோடு கொண்டு போங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகம் போகும். மருத்துவத்துக்கு என்று விஏஓ-விடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு வாரத்தில் வந்தது. திருப்பூர் வடக்கு, தெற்கு என்று இரண்டு தாலுகா இருப்பதால் உங்கள் தெரு எதில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் தப்பான விஏஓ அலுவலகத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இனி சங்கடமான விஷயம். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. பவர்டேபிளில் தைக்கும் ஒருவர் சீசனில் இதைவிட அதிகம் சம்பாதிப்பார். கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போனால் பேச்சே இல்லை. இந்த வரம்பைப் போட்டவர்கள் பனியன் ஊரின் வாடகையை விசாரிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்ன செய்யலாம்? குறைத்துச் சொல்லாதீர்கள். பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால் உங்கள் சம்பளம் ஆதாரோடு பதிவாகியிருக்கிறது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தால், அதுதான் உங்கள் முதல் கதவு. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் உங்களிடம் பிடிக்கிறார்கள், கம்பெனி மூன்றேகால் போடுகிறது. கணவன், மனைவி, குழந்தைகளோடு, உங்களை நம்பி இருக்கும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். நிறையப் பேர் பெற்றோரைச் சேர்ப்பதே இல்லை. கம்பெனி அலுவலகத்தில் உட்காரும் பெண்ணிடம் கேட்டால் பெயர் சேர்த்துத் தருவார்.

ஈஎஸ்ஐ இல்லாத பீஸ் ரேட் வேலை, விசைத்தறிக் கூலி, தோட்டத்து வேலை என்றால் சீசன் இல்லாத மாதத்தையும் சேர்த்து ஆண்டுக் கணக்காகச் சொல்லுங்கள். பனியன் தொழிலில் வருஷம் பன்னிரண்டு மாதமும் ஒரே வருமானம் இல்லை என்பது விஏஓ-வுக்கும் தெரியும். ஊரில் தனி வீட்டில், தனி அடுப்பில், தனிக் கார்டில் இருக்கும் பெற்றோர் என்றால் அவர்கள் வருமானம் வேறு, உங்கள் வருமானம் வேறு; அவர்கள் அந்த ஊரிலேயே சான்று வாங்கி அந்த மாவட்டத்திலேயே எடுக்கலாம். ஒரே வளவில் ஒரே சோறு தின்றுகொண்டு காப்பீட்டுக்காகக் கார்டைப் பிரிப்பது மட்டும் வேண்டாம். அடுப்பைப் பார்க்க வருவார்கள் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

9. காப்பீட்டு மையம்

மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்று ஒரு மையம் இருக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், மூன்றிலும் அசலும் நகலும். முடிந்தால் குடும்பத்தோடு போங்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் எதுவும் இல்லை. எங்களுக்கு அன்றே எண் கிடைத்துவிட்டது. மருத்துவமனைக்கு அந்த எண் போதும்.

பழைய அட்டை இருக்கிறவர்கள் திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயர்கள் வரிசையாக வரும். வராதவர் பெயரைச் சேர்க்க அதே மையம்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், ஆளுக்கு அல்ல.

10. மருத்துவமனையில்

எல்லா மருத்துவமனையிலும் இல்லை, எல்லா நோய்க்கும் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று 1800 425 3993-ல் கேட்டுவிட்டு அட்மிட் ஆகுங்கள். நோயின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்: ஒரு மருத்துவமனை எலும்புக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம், இதயத்துக்குச் சேராமல் இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல், புறநோயாளிச் சீட்டுக்கு இது வராது.

அரசு மருத்துவமனைகளிலும் இந்தக் காப்பீட்டு மேசை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தாராபுரம் ரோட்டில் இருக்கும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோவையில் திருச்சி ரோட்டில் இருக்கும் பெரியாஸ்பத்திரி இரண்டையும் முதலில் விசாரியுங்கள். தனியார் என்றால் மட்டும் நல்ல வைத்தியம் என்ற எண்ணத்தில் நாங்கள் ஓடினோம். மாமனாரைத் தொடர்ந்து பார்த்துவருவது இப்போது அரசு மருத்துவமனை டாக்டர்தான்.

சேர்ந்த அன்றே காப்பீட்டு மேசைக்குப் போங்கள். பணம் கட்டும் கவுன்டருக்குப் போவதற்கு முன்னால். "அட்வான்ஸ் கட்டிருங்க, அப்புறம் காப்பீட்டுல மாத்திக்கலாம்" என்று சொன்னதை நம்பித்தான் நான் 31,000 கட்டினேன். அது திரும்பி வரவில்லை. டாக்டர் எழுதியதையும் பரிசோதனை முடிவுகளையும் வைத்து மருத்துவமனை முன் அனுமதி கேட்கும்; அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை கணக்கில் சேரும். அனுமதி வந்த சிகிச்சைக்கு மேலே பணம் கேட்டால், எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது என்றதுமே பாதிப் பேச்சு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மேலே சொன்ன எண்ணுக்கு அங்கே நின்றே போன் போடுங்கள்.

சாலை விபத்து என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானம் கேட்பதில்லை, கார்டு கேட்பதில்லை. 108-ல் ஏற்றிவிடுங்கள்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரில் நாங்கள் இப்போது வைத்திருப்பவை: குடும்ப அட்டை நகல், எல்லாருடைய ஆதார் நகல், வருமானச் சான்று, காப்பீட்டு எண் எழுதிய தாள், மாமனாரின் கடைசி ஈசிஜி. வருமானச் சான்றின் தேதியை மேலே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், வருஷம் முடியும் முன் புதுசு வாங்க. கவர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பீரோவில் வைப்பதில்லை.